ஐந்து தடவை படித்தும் ஏன் மறக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் மகன் ப்ளஸ் டூ, பயாலஜி குரூப். காலை 5 மணிக்கு எழுந்துவிடுகிறான், இரவு 11க்கு முன் படுப்பதில்லை. புத்தகம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போட்டு வைத்திருக்கிறான். ஆனால் ஐந்து தடவை படித்த பாடம்கூடக் கேள்வித்தாளைப் பார்த்ததும் மறந்துபோகிறதாம். போன மாதம் கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட் அன்று காலையில் வாந்தி எடுத்துவிட்டான். அவன் அப்பா இன்னொரு ட்யூஷன் சேர்க்கலாம் என்கிறார். மாமியார் வல்லாரைக் கீரை கொடுக்கச் சொல்கிறார். எனக்கோ செல்போன்தான் காரணமோ என்று சந்தேகம், பிடுங்கி வைத்துவிடலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரு அம்மா, உடுமலைப்பேட்டை

அன்புள்ள அம்மா,

வல்லாரைத் துவையல் நல்லதுதான், தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். ட்யூஷன் வேண்டாம். பையன் படிக்காமல் இல்லை. அவன் படிக்கிற விதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பாடத்தை மூன்றாவது முறை படித்தால் எல்லா வரியும் தெரிந்த வரியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து, பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். பார்த்தவுடன் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதை. அதை உங்கள் மகன் வீட்டில் ஒருமுறைகூடச் செய்து பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். புத்தகம் இல்லாமல் அந்தப் பாடத்தோடு அவன் முதன்முதலாகத் தனியாக நிற்கிற இடமே தேர்வு அறைதான். வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

2006ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு எளிய சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சிலவற்றை இரண்டு முறை படிக்க வேண்டும். சிலவற்றை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததுதான் முந்தியது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். இப்போது இரண்டு முறை படித்ததில் நினைவிருந்தது 42, எழுதிப் பார்த்ததில் 56. இன்னொரு சுற்றில் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவின் மேல் நம்பிக்கை அதிகம் இருந்தது, மதிப்பெண்தான் குறைவு. உங்கள் மகன் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் சுவடியை மூடிவிட்டுச் சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பித்தார்கள். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததை நாம் கேலி செய்தோம், அது நியாயம். ஆனால் அதோடு சேர்த்து, புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதட்டும், சமன்பாடோ படமோ எதுவானாலும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். முதல் நாள் தாளில் பாதி சிவப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வர மறுத்து, கஷ்டப்பட்டு வருகிற விஷயம்தான் தங்கும். அதே பாடத்தை அன்றிரவே ஐந்து தடவை உருட்டாமல், இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இப்படியே எழுதிப் பார்க்கட்டும். கலர் பேனா இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் படிப்பென்று கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும். நீங்கள் காய் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லலாம். உங்களுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது, "அது ஏன் அப்படி?" என்று நிஜமாகவே கேட்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து, 10 மணிக்கு உட்காரட்டும். பொதுத்தேர்வில் நடப்பது போலவே முதல் 10 நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும், அப்புறம் மூன்று மணி நேரம் எழுத. கெமிஸ்ட்ரி என்றால் 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மார்க் கேள்விகள். மனம் படபடக்கும்போது அங்கே தொடங்கினால் கை ஓட ஆரம்பித்துவிடும். இதெல்லாம் வீட்டிலேயே சில முறை நடந்திருந்தால் தேர்வு அறை அவனுக்குப் புது இடமாக இருக்காது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் உறுத்துகிறது. 11க்குப் படுத்து 5க்கு எழுந்தால் ஆறு மணி நேரம். இந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பகலில் படித்ததை மூளை கெட்டிப்படுத்துவதில் தூக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. விடியற்காலைப் படிப்பின் மேல் நமக்கு ஒரு பக்தியே இருக்கிறது. ஒன்பது மணிக்குப் படுக்கிறவனுக்கு அது சரி. உங்கள் மகனை 6 மணி வரை தூங்க விடுங்கள், இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள்.

வாந்தியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பயத்தால்தான் என்று அவர் சொன்னால், அதற்காக அவனைத் திட்டவும் வேண்டாம், மாமா பையன் வாங்கிய மார்க்கை நினைவுபடுத்தவும் வேண்டாம். மாநில ரேங்க் பட்டியலை அரசே 2017ல் நிறுத்திவிட்டது, சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. ஏதாவது பாடத்தில் தவறினாலும் அதே வருடம் துணைத் தேர்வு உண்டு, வருடம் வீணாகாது. இதை அவன் அப்பா தன் வாயால் ஒருமுறை சொல்லட்டும். பையன் சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினாலோ, வாழ்வே வேண்டாம் என்பது போல ஏதாவது சொன்னாலோ தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

செல்போனைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அந்தச் சண்டையிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். படிக்கிற நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும், படித்து முடித்ததும் அரை மணி நேரம் அவன் இஷ்டம். அவன் அப்பாவின் போனும் அந்த நேரத்தில் அதே அறையில் இருந்தால் பையன் முணுமுணுக்க மாட்டான்.

அன்புடன்.