வாசகர் வினா விடை: திரையில் வாசிப்போரின் கண்களுக்கு

வினா: மகன் வாங்கி அனுப்பிய மடிக்கணினியில், ‘நூலகம்’ இணையத்தளத்திலுள்ள பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் நாள்தோறும் வாசித்து வருகிறேன். அரை மணித்தியாலம் செல்வதற்குள் கண் எரிகிறது, எழுத்து மங்குகிறது, பிடரியும் வலிக்கிறது. அச்சு நூலை வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. இப்படியே தொடர்ந்தால் பார்வை கெட்டுவிடுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒட்டுசுட்டான்

விடை: ஐயா, கணினித் திரையைப் பார்ப்பதால் கண் களைத்துப் போகுமே தவிர, பார்வை கெட்டுவிடாது. ஆகவே வாசிப்பை நிறுத்த வேண்டாம். திரையையும் எழுத்தையும் தங்கள் கண்ணுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டாலே பெரும்பாலான தொல்லை குறைந்துவிடும்.

எரிச்சலுக்கு முதற் காரணம் கண் உலர்வது. சாதாரணமாக நிமிடத்திற்குச் சுமார் 15 முறை இமைக்கும் நாம், திரையை உற்று நோக்கும்போது அதில் பாதியளவு கூட இமைப்பதில்லை. அதனால் கண்ணை நனைத்து வைத்திருக்கும் நீர்ப்படலம் உலர்ந்துவிடுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் வறண்ட காற்றும், வெக்கைக்காக முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளும் மின்விசிறியும் இதை இன்னும் கூட்டிவிடுகின்றன. விசிறியை முதுகுப் பக்கமாகவோ காற்பக்கமாகவோ திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கண்ணை முழுதாக மூடித் திறவுங்கள். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை 20 விநாடிகள் பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்வதுண்டு. முற்றத்துப் பனையோ வேப்பமரமோ இதற்குப் போதும்.

எழுத்தின் அளவைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். பல இணையப் பக்கங்கள் ஆங்கில எழுத்தைக் கருதியே அமைக்கப்படுகின்றன. அதே அளவில் தமிழ் எழுத்து வரும்போது, ‘கி’யையும் ‘கீ’யையும் பிரித்துக் காட்டும் சிறு சுழியும், மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியும் இரண்டொரு திரைப்புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதைப் பிடிப்பதற்காகவே நாம் முகத்தைத் திரையருகே கொண்டுபோகிறோம். முகத்தை நகர்த்தாமல் எழுத்தைப் பெருப்பியுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். பூச்சியத்தைத் தட்டினால் பழைய நிலைக்கு வரும். கணினி முழுவதிலும் எழுத்துப் பெரிதாக வேண்டுமென்றால், விண்டோஸின் திரை அமைப்பில் ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். சிலர் இதற்காகத் திரையின் ‘ரெசொலூஷன்’ அளவைக் குறைத்துவிடுகிறார்கள். அது எழுத்தைக் கலங்கலாக்கும், செய்ய வேண்டாம்.

தட்டச்சு செய்யப்பட்ட கட்டுரைகளாயின், பயர்பொக்ஸ், எட்ஜ் ஆகிய உலாவிகளில் எஃப் 9 விசையை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைப் பக்கங்களில், விளம்பரம் முதலியவை ஒதுங்கிக் கட்டுரை மட்டும் நிற்கும் வாசிப்புப் பக்கம் திறக்கும். எழுத்தளவையும் பின்னணி நிறத்தையும் அங்கேயே மாற்றலாம். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள், ஏனெனில் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்வளைவும் கீழ்வரியின் புள்ளியும் நெருங்கினால் கண் வரி மாறிப் போகும்.

ஆனால் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் தளத்தில் தாங்கள் வாசிக்கும் பழைய நூல்களோ ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்கள். அவை படங்களாதலால் எழுத்துருவையோ வரி இடைவெளியையோ மாற்ற முடியாது. கோப்பைத் தரவிறக்கி, இரண்டு பக்கங்களைச் சேர்த்துக் காட்டாமல், ஒரே பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு விரித்து வையுங்கள். பக்கத்தின் முழு உயரமும் தெரிய வேண்டும் என்று எண்ணுவதே எழுத்துச் சிறுப்பதற்குக் காரணம். அரைப்பக்கம் தெரிந்தாலும் போதுமானது. பழுப்பேறிய தாளின் நிறம் கண்ணுக்கு இதமானதே.

பிடரி வலிக்கு வருகிறேன். தங்கள் வயதில், மேற்பகுதி தூரப் பார்வைக்கும் கீழ்ப்பகுதி கிட்டப் பார்வைக்குமாக அமைந்த பைஃபோக்கல் கண்ணாடி அணிந்திருப்பீர்கள் என்று கொள்கிறேன். அதன் கீழ்ப்பகுதி, கையில் பிடித்த நூலின் தூரத்துக்காக, அதாவது சுமார் 40 சென்ரிமீற்றருக்காக அமைந்தது. திரையோ 60 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. அந்தக் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காக நாடியை உயர்த்திக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்கிறீர்கள். பிடரி வலிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைக்கும்படி பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை தங்களுக்குப் பொருந்தாது, தாழ்வாகவே இருக்கட்டும். வழக்கமாக அமரும் நிலையில் கண்ணிலிருந்து திரைவரையுள்ள தூரத்தை யாரையாவது கொண்டு நாடாவால் அளப்பித்து, வைத்தியசாலையின் கண் கிளினிக்கிற்குச் செல்லும்போது அந்த அளவைச் சொல்லுங்கள். அத்தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள்.

வெளிச்சத்தைச் சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையருகே பிடியுங்கள். திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் ஒளியைக் குறையுங்கள், மங்கலாகத் தெரிந்தால் கூட்டுங்கள். விறாந்தையில் அமர்ந்தால் வெளிவெயில் முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ படாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஒற்றைக் கண்ணில் பார்வை திடீரென மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலத் தோன்றினாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, அதைத் திரையின் களைப்பென்று எண்ணிக் காத்திராமல் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

வினா: நான் உயர்தர மாணவி. இரவில் கணினியில் படிப்பதால், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கும்படி தோழிகள் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– மாணவி, கிளிநொச்சி

விடை: வேண்டியதில்லை. இக்கண்ணாடிகளைப் பற்றிய பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனம் 2023 இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியுடன் ஒப்பிடும்போது இவை குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது. திரையிலிருந்து வரும் நீல ஒளி, பகல் வெளிச்சத்தில் இருப்பதைவிட மிகவும் குறைவு. இரவில் திரை வெண்மையாக உறுத்தினால், விண்டோஸிலுள்ள ‘நைட் லைட்’ வசதியை இயக்குங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் படிக்க வேண்டாம். கரும்பலகையிலுள்ள எழுத்தும் மங்கலாகத் தெரிகிறதாயின் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தேவையென்று சொன்னால் வழக்கமான வில்லையே போதும், நீல ஒளித் தடுப்புக்கென்று கடையில் கேட்கும் மேலதிகப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.