கோயில் வாசலில் ரொட்டியின் அளவு

கேள்வி: மத்திய கால ஐரோப்பாவில் ஏழைகள் பட்டினி கிடந்தபோது வானளாவிய தேவாலயங்களைக் கட்டினார்கள். பூசை வைத்த குருமார்களைத் தவிர வேறு யாருக்கு அவற்றால் பயன்?

பதில்: ரொட்டி வாங்கப் போனவருக்குப் பயன். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துப் பெரிய கோயிலுக்குப் போனால், முன்வாசல் சுவரில் ரொட்டியின் வடிவத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே 1270, 1317, 1320 என்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் ரொட்டியின் விலையை அப்படியே வைத்துவிட்டு, தானிய விலைக்கு ஏற்ப அளவைத்தான் மாற்றுவார்கள். 1315 முதல் 1317 வரை ஐரோப்பாவையே உலுக்கிய பெரும் பஞ்சம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோயிலைச் சுற்றித்தான் சந்தை. வாங்கிய ரொட்டி சிறியது என்று சந்தேகம் வந்தால் நாலு எட்டு நடந்து சுவரில் வைத்துப் பார்க்கலாம். துணிக்கு முழ அளவும், தானியத்துக்கு மரக்கால் அளவும் அதே வாசலில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் வியாபாரி ஏமாற்ற முடியாது. ஒரு கோயில் வாசலுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. ஃப்ரைபுர்க் கோயில் அப்போது ஆயரின் (பிஷப்பின்) பேராலயம்கூட இல்லை, ஊர் மக்கள் வழிபடும் பங்கு ஆலயம். 1827இல்தான் பேராலயம் ஆனது. 116 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு ஊர்க்காரர்களே பணம் போட்டார்கள். ரொட்டி சுடுபவர்கள், தையற்காரர்கள் எனத் தொழில்வாரியாக அமைந்த சங்கங்கள் கொடுத்த கண்ணாடி ஜன்னல்களில் முறுக்கு போலப் பின்னிய ரொட்டியையும் கத்தரிக்கோலையும் இன்றும் காணலாம்.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். பாரிஸில் நோத்ர்தாம் பக்கத்திலேயே ஏழைகளுக்கான மருத்துவமனை இருந்தது. இங்கிலாந்தின் டர்ஹமில், அந்தக் காலத்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டவன்கூட கோயிலில் தஞ்சம் புகுந்தால் 37 நாள் அவனை யாரும் தொட முடியாது. அதற்குள் வழக்கைச் சந்திப்பதா, நாட்டை விட்டுப் போவதா என்று அவன் முடிவு செய்யலாம்.

சரி, சுரண்டல் இல்லையா? இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்குப் போனது. அதைக் கொடுத்தவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. பிரான்சின் லாவோனில் ஆயர் கோத்ரி, மக்கள் காசு கொடுத்துப் பெற்ற, தங்கள் ஊரைத் தாங்களே நடத்தும் நகர உரிமையை அரசரைக் கொண்டு ரத்து செய்தார். 1112இல் ஊரே திரண்டது. பீப்பாய்க்குள் ஒளிந்திருந்தவரை இழுத்துக் கொன்றார்கள். அந்தக் கலவரத் தீயில் பேராலயமும் எரிந்தது.

அதே நூற்றாண்டில் அங்கே புதுப் பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். லாவோன் குன்றின் மேல் இருக்கும் ஊர். அந்தப் பேராலயத்தின் கோபுர உச்சிகளில் நிற்பவை 16 மாட்டுச் சிலைகள். மலையேறிக் கல் இழுத்த மாடுகளுக்காக வைத்தவை என்று ஊரில் சொல்கிறார்கள்.