நான்கு நாளாகக் காது அடைப்பு: சர்க்கரைதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 56. பதினோரு வருடமாகச் சர்க்கரை. போன வாரம் பார்த்ததில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.9. இரண்டு மூன்று வருடமாகவே காது மந்தம். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன் என்று வீட்டில் தினமும் சண்டை. காதில் அரிப்பு, அழுக்கு, கொட்டாவி விட்டால் ‘டப்’ என்ற சத்தம். நான்கு நாளாகக் காலையில் எழுந்ததிலிருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது, தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டேன். சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மின் காதைச் செவிடாக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, மாத்திரையை நிறுத்தி 20 நாள் ஆகிறது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் சுத்தமாகக் காது கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் ஆகுமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த உடனே நான் போனில் கூப்பிட்டது அந்த நான்கு நாள் அடைப்புக்காகத்தான் அம்மா. போனை இடது காதுக்கு மாற்றிப் பிடியுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “மாத்தினேன் டாக்டர், ஒண்ணுமே கேக்கலையே” என்றீர்கள். அன்று சாயங்காலமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் போய்ப் பார்த்தீர்கள், மிகவும் நல்லது. மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காது மட்டும், திடீரென்று, ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ மந்தமானால் அது அவசரம். வலி இருக்காது, சீழ் வராது. அடைத்த மாதிரி இருக்கும், கூடவே ‘ஙொய்’ என்ற இரைச்சல் வரலாம், தலை சுற்றலாம். வலி இல்லாததால்தான் அழுக்கு அல்லது சளி என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மூன்று வாரத்தைக் கழித்துவிடுகிறார்கள். உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். அதை முதல் இரண்டு வாரத்துக்குள், எத்தனை சீக்கிரம் முடியுமோ அத்தனை சீக்கிரம் தொடங்க வேண்டும். தள்ளிப்போடப் போட, கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கு, சளி போன்ற அடைப்புதான். சத்தம் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பக்கம் கேட்டாலும் சரி, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். டியூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவை), ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை) இரண்டும் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறும், உண்மைதான். அதற்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறுகிற சர்க்கரையைத் தினமும் பரிசோதித்து, தேவைப்பட்டால் கொஞ்ச நாளுக்கு இன்சுலின் போட்டுச் சமாளிக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை ஒத்துவராதவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசியாகவே காதுக்குள் செலுத்தலாம், அதில் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை.

சரி, அம்மாவை நினைத்து நீங்கள் பயப்படுவதற்கு வருகிறேன். சர்க்கரைக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. உள்காதில் நத்தைக்கூடு வடிவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் போவது நூல் போன்ற ஒரே ஒரு தமனி வழியாக, அது அடைபட்டால் மாற்றுப்பாதை கிடையாது. சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவது போல இங்கேயும் கெடுகின்றன. ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்ச் செல்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைக்காது. அமெரிக்காவில் 5,140 பேரின் கேட்புத்திறனைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களிடம் கேட்புக் குறைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. இந்தக் குறைவு மெதுவாக, பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. கல்யாண மண்டபத்தில் ‘சாவி’ என்றால் ‘காவி’ என்று விழும். இப்படி வருகிறவர்களில் முழுச் செவிடாகிறவர்கள் மிகக் குறைவு. போனது திரும்பாது என்றாலும் இருப்பதைக் காப்பாற்ற, எச்பிஏ1சியை இறக்குவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும்தான் வழி.

அந்த வீடியோவை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மெட்பார்மின் காதைக் கெடுப்பதில்லை. காதைக் கெடுக்கக்கூடிய மருந்துகள் வேறு: ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அவற்றில் ஆபத்து கூடுதல். மாத்திரையை நிறுத்தியதால்தான் இடது காது போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காதுக்குப் பயந்து, காதையும் கண்ணையும் சேர்த்துக் கெடுக்கும் சர்க்கரையை 20 நாள் அவிழ்த்து விட்டுவிட்டீர்கள் அம்மா. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி இன்றே தொடங்குங்கள். ஸ்டீராய்டு எடுப்பதையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

கொட்டாவி ‘டப்’ சத்தம் ஒன்றுமில்லை. அழுக்கு தானாக வெளியே வரும், மிஞ்சினால் மருத்துவர் எடுத்துவிடுவார். எண்ணெய், பட்ஸ், ஹேர்பின் எதுவும் இனிக் காதுக்குள் போகக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அங்கே படும் சின்னக் கீறல்கூடச் சீழ் பிடித்து எலும்பு வரை போகலாம்.

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வருடா வருடம் பரிசோதனை செய்யும்போது ஆடியோகிராமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காது கேட்கும் கருவி தேவை என்று சொன்னால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை வீட்டில் யாரும் அடுப்படியிலிருந்து கத்த வேண்டாம். உங்கள் வலது பக்கமாக வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.