பழைய டீசல் பிக்கப்பில் கரவன் இழுக்கலாமா?

கேள்வி இது: "என்னிடம் தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது, 2.8 டீசல். ஒன்றரைத் தொன் கரவன் (வண்டியால் இழுத்துப் போகும் சில்லு வீடு) ஒன்றைக் கொழுவிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா போக ஆசை. இஞ்சின் இழுக்குமா? டர்போ போட்டால் நல்லதா?"

இழுக்கும். இஞ்சினைப் பற்றிய கவலையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். டொயோட்டாவின் 3எல் இஞ்சின், 2,779 சீசீ, காற்றை அமத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, தொண்ணூறு குதிரைவலுவுக்குப் பக்கத்தில் நிற்கும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு தெற்கிலிருந்து ஓட்டி வந்தது. 2006இல் பாதை பூட்டினபோது டீசல் இல்லாமல் முற்றத்தில் கிடந்தது. பிறகும் ஒரு முனகல் இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. சீமெந்தும் கம்பியும் ஏற்றி இறக்கியே அதன் காலம் போகிறது. "இன்னும் இந்தப் பழசையா வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் வாகனம் வராமல் இருந்த காலத்தில், என்னைக் கேலி செய்தவர்களே "விற்கிற யோசனை இருக்கா அண்ணை" என்று கோல் எடுத்தார்கள்.

நான் மெக்கானிக் இல்லை, கட்டடச் சாமான் கடைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே யாராவது வந்து பாடம் எடுப்பார்கள். அவுஸ்திரேலியாவில் இதே வண்டியால் இதைவிடப் பெரியதை இழுக்கிறார்கள் என்று எழுத வருபவர்களுக்கும் ஒரு சொல்: தெரியும். அங்கேயும் ஐரோப்பாவிலும் 750 கிலோவைத் தாண்டின ட்ரெயிலருக்குச் சொந்தமாக பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, என் கதை. ஜேர்மனியில் இருக்கும் மச்சான் முறையான ஒருவருக்குக் காரைநகரில் கசூரினா கடற்கரைக்குக் கிட்ட ஒரு காணித் துண்டு இருக்கிறது. அங்கே கரவன் ஒன்றை நிறுத்தி, வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவருடைய திட்டம். தெற்கில் ஒருவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய கரவன் ஒன்று அகப்பட்டது. லொறியில் ஏற்றி வரக் கேட்ட கூலி அவருக்குப் பிடிக்கவில்லை. "உங்கடை பிக்கப் சும்மாதானே நிக்குது" என்றார். சும்மா நிற்கவில்லை. ஆனால் நம் ஊரில் சொந்தக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

போவதற்கு முன், கரவனைப் பிக்கப்பில் மாட்டும் கொழுவியைச் செய்வித்தோம். பின் பம்பரில் ஒட்டிவிட்டால் போதும் என்று ஒரு வெல்டிங் கடையில் சொன்னார்கள், கேட்கவில்லை. பம்பர் வெறும் தகரம். சேஸியின் இரண்டு பக்கமும் தடித்த பிளேட் வைத்து, 8.8 என்ற பலக் குறி தலையில் குத்தியிருக்கும் போல்ட்டால் இறுக்குவித்தேன். கரவனின் கொழுவி வந்து உட்காரும் இரும்புக் குண்டை லேத்தில் கடையும்போது அளவில் கவனமாக இருங்கள். ஐரோப்பியக் கரவனின் கொழுவிக்கு 50 மில்லிமீட்டர் குண்டு. அமெரிக்க அளவு இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் அந்த முக்கால் மில்லிமீட்டரில் கொழுவி இறுகிப் பிடிக்கும், அல்லது பூட்டிய மாதிரிக் காட்டிவிட்டுப் பூட்டாமல் இருக்கும். கடைசலுக்கு முன் வேர்னியரால் அளந்து காட்டச் சொன்னேன். லேத்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே காட்டினார்.

கரவனோடு திரும்பி வரும்போது, ஊருக்கு வந்திருந்த மச்சானும் கூடவே இருந்தார். இரவுப் பயணம். வவுனியா தாண்டி, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் ஒரு குறையும் இல்லை. நாலாவது கியரில் இஞ்சின் தன்பாட்டில் இழுத்தது. மாடுகள்தான் தொல்லை. ஏ9இல் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், கட்டாக்காலி மாடு நடுத்தாரில் சூடு பார்த்துப் படுத்துக் கிடக்கும், லைட் அடித்தாலும் எழும்பாது.

விடியப் பரந்தன் கழிந்து ஆனையிறவுக்கு வந்தோம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம். இரண்டு பக்கமும் நீர், ஒதுக்குக்கு ஒரு மரம் இல்லை. காற்று இடப்பக்கமாக கரவனின் சுவரில் நேரே அடிக்கிறது. அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வருகிற சொகுசு பஸ் ஒன்று ஹோர்னை அமத்திப் பிடித்தபடி முந்தியது. அது பக்கத்தில் வரும்போது கரவனை ஒரு தள்ளுத் தள்ளியது, கடந்து போகும்போது தன் பக்கம் இழுத்தது. அதோடு தொடங்கியது ஆட்டம். முதலில் ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அசைவு. பிறகு கண்ணாடியில் கரவனின் பின்மூலை வலப்பக்கம் தெரிகிறது, மறைகிறது, இடப்பக்கம் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட. பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து உலுப்புவது போல.

மச்சான் "பிரேக்கைப் போடுங்கோ, பிரேக்கைப் போடுங்கோ" என்று கத்தினார். போடவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் முன்வண்டி நிற்கும், பின்னால் இருப்பது கோணலாக வந்து தள்ளும். அவ்வளவுதான், பிரட்டிப் போட்டுவிடும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வதும் ஆபத்து, ஆட்டம் வேகத்தோடுதான் வளரும். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வெட்டாமல் இருந்தேன். நாற்பத்தைந்துக்குக் கிட்ட இறங்கியதும் தானாக அடங்கியது.

இயக்கச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். பின்சுவரோடு ஒட்டி டைல்ஸ் பெட்டிகள். வீட்டுக் குளியலறைக்காம். நான் முந்தின நாள் கொழுவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இவர் குருநாகலில் மலிவாக வாங்கி ஏற்றியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். எல்லாம் அக்சிலுக்கு, அதாவது சில்லுகள் பூட்டிய அச்சுக்கு, பின்னால். அங்கேயே டைல்ஸை இறக்கிப் பிக்கப்பில், ஓட்டுநர் அறையை ஒட்டினபடி அடுக்கினோம். ஜெனரேட்டரை அக்சிலுக்குச் சற்று முன்னால் கட்டினோம். மிச்சத் தூரம் அதே காற்று, அதே கரவன், ஒரு அசைவு இல்லை.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றுத்தான் காரணம், ஜேர்மனியில் தான் எத்தனையோ கரவன் இழுத்திருப்பதாகச் சொன்னார். சரி என்று, சுன்னாகத்தில் வெங்காயம் நிறுக்கிற ஒருவரிடம் மேடைத் தராசை வாங்கி வந்தேன். மேசன் வராததால் டைல்ஸ் அப்போதும் பெட்டியோடுதான் கிடந்தது. எல்லாவற்றையும் பழையபடி பின்னால் ஏற்றி, கரவனின் முன்முனைக் கொழுவியின் கீழே ஒரு கட்டையை வைத்து, அதைத் தராசில் இறக்கினோம். முள் இருபத்தைந்து கிலோவில் நின்றது. கரவனின் மொத்த எடை ஆயிரத்து முந்நூறுக்குக் கிட்ட. டைல்ஸை எடுத்து, ஜெனரேட்டரை முன்னுக்கு நகர்த்திவிட்டு நிறுத்தால் தொண்ணூறு. வெங்காயக்காரர், "அப்ப இது முன்னுக்குப் பாரமா இருக்கோணும் எண்டுறியள்" என்றார். அவருக்கு விளங்கியது.

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த விஷயம். குண்டின் மேல் கரவன் எவ்வளவு பாரத்தைப் போடுகிறது என்று நிறுத்துப் பாருங்கள். இங்கிலாந்து, ஐரோப்பியக் கரவன்களுக்கு மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை என்பார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 வரை சொல்கிறார்கள், அது அங்கத்தைய கொழுவிகளுக்கு. ஐரோப்பியக் கொழுவி பலதில் 100 கிலோதான் எல்லை, மேலேயே அடித்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வெளிநாட்டு உறவுகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டு நடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மற்றவர்களின் வீட்டுச் சாவிகள் தொங்குகின்றன. கனடா, பிரான்ஸ், லண்டன். கரண்ட் பில் கட்டுவது நான், மோட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது நான், தேங்காய் பிடுங்குவிப்பது நான். டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒரு வளவில் சிரட்டைக்குள் புழு கண்டால் யாரைக் கூப்பிடுவார்கள்? அவர்கள் வந்து நிற்கிற மூன்று கிழமையில் "ஏன் இந்த மாமரத்தை வெட்டினனீங்கள்" என்று கேட்பார்கள். வெட்டச் சொன்னதே அவர்களின் அண்ணர். நீங்களும் வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றுதான் கேள்வியின் தோரணையில் தெரிகிறது, கோபிக்க வேண்டாம். கரவனைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.

நுவரெலியாவுக்கு வருகிறேன். மாத்தளைக்கு முன் வரும் நாலந்தை வரை உங்களுக்கு ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கம்பளை கழிந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று போகிற பாதைதான் சோதனை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சினில் வலுவும் ஏறக்குறைய அந்தளவுக்குக் குறையும். கரும்புகை வந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். புகையாகப் போவது எரியாத டீசல்தான், இழுவை கிடைக்காது, சூடுதான் ஏறும்.

சூடு என்றதும் ரேடியேட்டர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அதே தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு "டொயோட்டா சூடாகுது" என்கிறார்கள். கழற்றி உள்ளே துப்புரவாக்குவித்து, காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் ஊற்றுங்கள். யாராவது முன்னரே தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். நல்ல கை வேண்டும் என்றால் அதுதான் இப்போது கஷ்டம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்டின் ஏ40 காரை ஓடவைத்த ஊர் இது, கார்பரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்த ஆட்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் பிள்ளைகள் இன்று பாரிஸில் ரெஸ்ரோரண்டில் நிற்கிறார்கள். டீசல் பம்பைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவரை விரல் விட்டு எண்ணலாம்.

இறக்கம் ஏற்றத்தை விட மோசம். ஏறின கியரிலேயே இறங்குங்கள், முடிந்தால் அதைவிட ஒன்று குறைத்து. கரவனின் தள்ளு பிரேக் முன்வண்டி வேகம் குறைக்கும்போது தானாகப் பிடிக்கும் வகை. நீண்ட இறக்கத்தில் அது பிடித்தபடியே வந்து சூடேறிவிடும், இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். பிக்கப்பின் பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்று ஞாபகம் இல்லாவிட்டால் மாற்றிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். டொட் 3 என்ற வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140இலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரைக்குப் போகும், கால் கீழே ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, இதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. பின்பக்கம் பதிகிறது என்று ஸ்பிரிங் பிளேட் கூட்டிப் போடுவீர்கள். பின் அக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சின்ன வால்வு ஒன்றில் முடியும். வண்டி பின்னால் பதிந்தால் சுமை இருக்கிறது என்று எடுத்துப் பின்சில்லுகளுக்குக் கூடுதல் பிரேக் கொடுப்பது அதன் வேலை. பிளேட் போட்டு உயர்த்தினால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், சுமை ஏற்றிய நேரத்திலேயே. பிளேட் போட்ட கையோடு அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிபண்ணச் சொல்லுங்கள்.

டர்போ பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த இஞ்சின் குடும்பத்தில் கொம்பனியே டர்போ வைத்துக் கொடுத்த 2எல்-டி, சூட்டில் சிலிண்டர் ஹெட்டில், அதாவது இஞ்சினின் மேல்மூடியில், வெடிப்பு விழுவதில் பெயர்போனது. டர்போ இல்லாமல் பிறந்த ஹெட்டுக்கு நீங்கள் புதிதாக ஒன்றைப் பூட்டினால் நுவரெலியாவுக்கு இருபது நிமிஷம் முந்திப் போகலாம், அல்லது புசல்லாவையில் லொறிக்காரனைக் கூப்பிடலாம். அந்தக் காசில் நாலு நல்ல டயரும், முன்னுக்குப் புது பிரேக் பேடும், பின் டிரம்முக்கு ஷூவும் வாங்கலாம். மிச்சமும் வரும்.