ஆங்கில வாக்கியத்தில் சப்ஜெக்ட் எது, பிரெடிகேட் எது என்று எப்படிப் பிரிப்பது?

"எழுவாய்தான் சப்ஜெக்ட், பயனிலைதான் பிரெடிகேட் என்று படித்தேன். ஆனாலும் பயிற்சி செய்யும்போது தப்பாகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை. அந்தச் சமன்பாட்டின் முதல் பாதி ஏறக்குறைய சரி, இரண்டாவது பாதிதான் காலை வாருகிறது. நானும் பள்ளியில் இதே இடத்தில் நெடுநாள் தடுமாறினேன்.

தமிழில் வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்றாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். 'அவள் கடிதம் எழுதினாள்' என்பதில் 'எழுதினாள்' மட்டுமே பயனிலை. ஆங்கிலத்தில் சப்ஜெக்ட், பிரெடிகேட் என்று பிரிக்கும்போது கிடைப்பது இரண்டே துண்டு. 'ஷி ரோட் எ லெட்டர்' என்பதில் 'ஷி' போக மிச்சமுள்ள 'ரோட் எ லெட்டர்' முழுவதும் பிரெடிகேட். வினைச்சொல், செயப்படுபொருள், எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் சொற்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வெறும் 'ரோட்' என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பது இதனால்தான். சில புத்தகங்கள் வினையை மட்டும் 'சிம்பிள் பிரெடிகேட்' என்றும், முழுத் துண்டையும் 'கம்ப்ளீட் பிரெடிகேட்' என்றும் சொல்லும். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சப்ஜெக்ட் எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதும். வினையைப் பார்த்து 'யார்? எது?' என்று கேட்கும் வழி சின்ன வாக்கியங்களுக்கு நன்றாகவே உதவும். நீளமான வாக்கியத்தில் அது வழுக்கும். 'தி பாக்ஸஸ் நியர் தி டோர் ஆர் எம்ப்டி' என்பதில் வினைக்குப் பக்கத்தில் இருப்பதால் பலர் 'டோர்' என்பதைப் பிடித்துக்கொள்வார்கள். காலியாக இருப்பது கதவா? பெட்டிகள்தானே! அதனால்தான் 'இஸ்' வராமல் 'ஆர்' வந்திருக்கிறது. 'நியர் தி டோர்' என்பது எந்தப் பெட்டிகள் என்று சொல்வதால் அதுவும் சப்ஜெக்டோடு சேரும்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது வேறொரு சோதனை: வாக்கியத்தை ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக மாற்றிப் பார்ப்பது. 'தி பாய் ஹூ இஸ் க்ரையிங் இஸ் மை பிரதர்' என்பதில் இரண்டு 'இஸ்' இருக்கின்றன. கேள்வியாக்கினால் 'இஸ் தி பாய் ஹூ இஸ் க்ரையிங் மை பிரதர்?' என்று வரும். இரண்டாவது 'இஸ்' தான் முன்னால் தாவியிருக்கிறது. அது எதைத் தாண்டி வந்ததோ, அந்த 'தி பாய் ஹூ இஸ் க்ரையிங்' மொத்தமும் சப்ஜெக்ட். சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு 'ஹி' என்று போட்டுப் பாருங்கள். 'ஹி இஸ் மை பிரதர்.' கச்சிதமாகப் பொருந்துகிறதல்லவா?

நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்ப் பழக்கம் இன்னும் சில இடங்களில் இடறும். 'வந்தேன்' என்றால் போதும், 'ஏன்' என்ற விகுதியே வந்தவர் யார் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் யார் வந்தாலும் 'கேம்' தான். அதனால் 'ஐ', 'ஷி', 'தே' என்று சப்ஜெக்டை வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். சொல்ல ஆளே இல்லாதபோதும் அந்த இடத்தை வெறுமையாக விடமாட்டார்கள். 'இருட்டிவிட்டது' என்பது 'இட் இஸ் டார்க்' ஆகும். அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை, இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்திலோ 'ஐ ஆம் ஹங்ரி' என்று பசித்தவரே சப்ஜெக்ட் ஆகிவிடுகிறார். 'அவர் மருத்துவர்' என்று நாம் வினையே இல்லாமல் முடிப்போம், அங்கே 'இஸ்' இல்லாமல் பிரெடிகேட் நிற்காது.

கட்டளை வாக்கியம் மட்டும் இரு மொழியிலும் ஒத்துப்போகும். 'உட்கார்' என்பதில் 'நீ' தோன்றா எழுவாய். 'சிட் டவுன்' என்பதிலும் அப்படியே 'யூ' மறைந்திருக்கிறது.

'தேர் ஆர் டூ புக்ஸ் ஆன் தி டேபிள்' போன்ற வாக்கியங்களில் மட்டும் மேலே சொன்ன கேள்விச் சோதனையை நம்பாதீர்கள். 'ஆர் தேர்' என்று மாறுவதால் 'தேர்' தான் சப்ஜெக்ட் போலத் தோன்றும். பள்ளி இலக்கணம் எதிர்பார்க்கும் விடை 'டூ புக்ஸ்'. ஒரே புத்தகமாக்கிப் பாருங்கள், 'ஆர்' உடனே 'இஸ்' ஆகிவிடும்.