மூடிய அணுமின் நிலையத்தின் பழைய இரும்பை வாங்கலாமா?

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அணுமின் நிலையத்தைப் பிரித்தபோது கிடைத்தது என்று ஒரு தரகர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை மலிவாகத் தருகிறார். “நன்றாகக் கழுவியாச்சு, சான்றிதழும் இருக்கு” என்கிறார். வாங்கலாமா?

பதில்: நிலையத்திடமே நேரடியாக, முறையான சான்றிதழோடு என்றால் வாங்கலாம். இந்தத் தரகரிடம் வேண்டாம்.

அணுமின் நிலையத்து இரும்பெல்லாம் ஆபத்தானது என்று பயப்பட வேண்டியதில்லை. பயன்படுத்திய எரிபொருளை எடுத்துவிட்டாலே 99 சதவீதக் கதிரியக்கம் அதோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி உலைக்கலனிலும் (எரிபொருள் இருந்த பெரிய எஃகுக் கலம்) அதன் உள்பாகங்களிலும்தான் இருக்கும்.

ஆனால் “கழுவியாச்சு” என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். மேலே படிந்த அழுக்குதான் கழுவினால் போகும். உலைக்குள் நியூட்ரான் பட்ட எஃகில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உலோகத்துக்குள்ளேயே உருவாகியிருக்கும். அமிலம் ஊற்றித் தேய்த்தாலும் போகாது. தானாகப் பாதியாகக் குறையவே 5 ஆண்டுக்கு மேல் ஆகும்.

சான்றிதழில் எந்தச் சரக்கு, எவ்வளவு எடை, கிராமுக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று இருக்க வேண்டும். சரக்கைக் கட்டுப்பாடின்றி வெளியே விட, கோபால்ட்-60க்குச் சர்வதேச அணுசக்தி முகமை சொல்லும் வரம்பு கிராமுக்கு 0.1 பெக்கரல். “பாதுகாப்பானது” என்று ஒற்றை வரியோடு நீட்டும் ஜெராக்ஸ் வெறும் காகிதம்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சில சரக்கை “உருக்குவதற்கு மட்டும்” என்ற நிபந்தனையோடு விடுவிப்பார்கள். வேறு இரும்போடு கலந்து உருக்கும்போது அளவு இன்னும் குறையும் என்ற கணக்கில் கொடுக்கும் அனுமதி அது. அதே குழாயை நீங்கள் லேத்தில் ஏற்றிக் கடைந்தால் அந்தக் கணக்கே செல்லாது. நிபந்தனை இரண்டாம் பக்கத்தில் இருக்கும். தரகர் முதல் பக்கத்தை மட்டும் காட்டுவார். எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள்.

என் பெரிய கவலை தரகரின் கிடங்குதான். நிலையத்தின் வாசலில் அளந்துதான் அனுப்புகிறார்கள். கிடங்கில் எதோடு எது கலந்தது என்று யார் அளப்பது? 1983-இல் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸில் பழைய மருத்துவமனைக் கருவி ஒன்று காயலான் கடைக்குப் போனது. அதிலிருந்த கோபால்ட்-60 உருக்காலை வரை போய்க் கட்டடக் கம்பியாகவே வெளியே வந்தது. அடுத்த ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை அலற வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விடுவித்த சரக்கின் எண்ணைப் போட்டால் யாரும் சரிபார்க்கும்படி ஒரு பொதுப் பட்டியலை எல்லா நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் வைத்தால் என்ன? அதைச் செய்யாதவரை தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் வெட்டாதீர்கள், சாணை பிடிக்காதீர்கள். தனியே ஒதுக்கிவிட்டு, ஆட்களை விலக்கி வைத்து, உங்கள் நாட்டுக் கதிர்வீச்சு ஒழுங்குமுறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மலிவுவிலை மீட்டரை வைத்து நீங்களே அளந்து திருப்திப்பட வேண்டாம், 0.1 பெக்கரலெல்லாம் அதில் தெரியாது.