16 இன்ச்சிலிருந்து 18-க்குத் தாவலாமா? செட்டிநாட்டுச் சாலைக்கு வீல், டயர் அளவு பார்ப்பது எப்படி

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் கானாடுகாத்தான். கையில் இருப்பது வோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி, 1.5 டர்போ. கம்பெனியில் வந்த டயர் 205/55 ஆர்16, தேய்ந்துவிட்டது. டயர் மாற்றும்போதே அலாய் வீலையும் மாற்றிவிடலாம் என்று விசாரித்தேன். மதுரையில் ஒரு கடையில் 18 இன்ச், 8 ஜே, இ.டி. 35 அலாயும் 225/40 டயரும் "அப்படியே உட்காரும்" என்கிறார்கள். வேலை விஷயமாக அடிக்கடி திருச்சி போய் வருகிறேன். வெள்ளிக்கிழமை அப்பத்தாவையும் ஏற்றிக்கொண்டு ஐந்து பேராகப் பிள்ளையார்பட்டி. கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு. எந்த அளவை எடுக்கலாம்?

பதில்: தம்பி, 18 வேண்டாம். 17 வரைக்கும் போகலாம், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 16-லேயே நின்று, மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுவேன்.

முதலில் கணக்கு. 205/55 ஆர்16 என்பதில் 205 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அதாவது 112.75 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்; அதாவது 406.4 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் மொத்த விட்டம் 632 மி.மீ. இந்த மொத்த விட்டம் பெரிதாக மாறக் கூடாது. ஏறினாலும் இறங்கினாலும் 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஸ்பீடோமீட்டர் தப்புக் காட்டும், கியர் விகிதம் மாறின மாதிரி வண்டி இழுவை குறையும், டயர் ஃபெண்டருக்குள் உரசும்.

மதுரைக் கடைக்காரர் சொன்ன 225/40 ஆர்18-இன் விட்டம் 637 மி.மீ. வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. அவர் "அப்படியே உட்காரும்" என்றது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த அளவில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பக்கச்சுவர் 90 மி.மீ-க்கு இறங்கிவிடுகிறது. உங்களிடம் இப்போது இருக்கும் ரப்பரில் 23 மி.மீ போய்விடும்.

திருச்சி நெடுஞ்சாலையில் அது பெரிதாகத் தெரியாது. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினதும்தான் சோதனை ஆரம்பம்: தார் ஓரம் பெயர்ந்து சரளை தெரியும் வளைவு, வெள்ளைக் கோடே இல்லாத வேகத்தடை, குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடின பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் தண்ணீர் நின்றுவிட்டால் பள்ளம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. 90 மி.மீ சுவர் அதில் இறங்கினால் டயர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். பக்கத்தில் கட்டி மாதிரி புடைப்பு வரும். அந்த டயரை அதோடு தூக்கிப் போட வேண்டியதுதான்; பஞ்சர் போடும் கதை அங்கே கிடையாது. கூடவே அலாயும் நெளியும். நெளிந்த அலாயைப் பட்டறையில் தட்டி எடுப்பதற்காவது ஓரளவு சமாதானம் சொல்லலாம். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. செய்யாதீர்கள்.

அடுத்தது, கடையில் பெரும்பாலும் பேச மறந்துவிடும் இ.டி., அதாவது ஆஃப்செட். வீல் வண்டியோடு ஒட்டி உட்காரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ தள்ளியிருக்கிறது என்பதுதான் இது. இ.டி. குறைந்தால் வீல் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். உங்கள் கம்பெனி அலாயின் பின்பக்கத்தில் அகலமும் இ.டி.-யும் அச்சாகியிருக்கும், கழற்றி, துடைத்துவிட்டு நீங்களே படியுங்கள். ஜே-க்கு முன்னால் வரும் எண்தான் ரிம்மின் அகலம், இன்ச்சில். அது 6 ஜே, இ.டி. 40 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர் தருவது 8 ஜே, இ.டி. 35. அகலம் 2 இன்ச் கூடுகிறது, பக்கத்துக்கு 25.4 மி.மீ. இ.டி. 5 குறைவதால் வெளிப்பக்கம் அந்த 5-ம் சேர்ந்து 30 மி.மீ நீட்டும். உள்பக்கம் 20 மி.மீ ஷாக் அப்சார்பரை நோக்கிப் போகும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து கடை வாசலில் ஒரு சுற்று சுற்றும்போது எதுவும் உரசாது. ஐந்து பேரோடு பிள்ளையார்பட்டி போகும் வழியில், பின் டயர் ஃபெண்டர் விளிம்பை ஒவ்வொரு குலுக்கலுக்கும் தடவும்.

வெளியே நீட்டுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உங்கள் வண்டி முன்வீல் இழுவை. 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து டயரை வெளியே தள்ளினால், முதல் கியரில் அழுத்தும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். லாரித் தடம் பதிந்த சாலையில் வண்டி அந்தத் தடத்தைத் தேடிப் போகும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். வீலை வெளியே தள்ள நடுவில் வைக்கும் தட்டான ஸ்பேசர் போட்டாலும் நடப்பது இதேதான், வேறு வழியில்.

அகலமான டயர் என்றாலே பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. ஒரே காற்றழுத்தத்தில் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதன் வடிவம்தான் மாறுகிறது, நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் அது உதவும். தேங்கின தண்ணீரில் எதிரி, டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பித்துவிடும். பிடிப்பில் பெரிய வித்தியாசத்தைத் தருவது ரப்பர் கலவை. கம்பெனி டயர்கள் பல நேரம் மைலேஜையும் ஆயுளையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. அதே 205/55 ஆர்16 அளவில், நல்ல கம்பெனியின் மிருதுவான பெர்ஃபார்மன்ஸ் டயரைப் போட்டுப் பாருங்கள். சாதாரண டயர் மாட்டின 18-ஐ விட அது பிரேக்கிலும் வளைவிலும் நன்றாக நிற்கும். டயரின் பக்கத்தில் ட்ரெட்வேர் எண் இருக்கும். 300-ஐ ஒட்டி இருந்தால் பிடிப்புக்குச் செய்தது, 500-க்கு மேல் போனால் ஆயுளுக்குச் செய்தது என்று தோராயமாகக் கொள்ளலாம். ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்ளும் எண் என்பதால் ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிட்டால்தான் அர்த்தம். அதன் பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஓர் எழுத்து இருக்கும். அது ஈரச் சாலையில் நிற்பதற்கான மதிப்பு. ஏ-க்குக் கீழே எடுக்காதீர்கள்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவையும் ஷாக் அப்சார்பர்தான் அடக்கியாக வேண்டும். ரிம் பெரிதாகும்போது எடை கூடுவது மட்டுமில்லை, அந்த எடை அச்சை விட்டுத் தள்ளியும் போகிறது. அதைச் சுழலவைக்க இன்ஜினுக்கும் வேலை, நிறுத்த பிரேக்குக்கும் வேலை. விலை மலிவான வார்ப்பு அலாய் கம்பெனி அலாயை விட வீலுக்கு 2, 3 கிலோ கூட இருப்பது சாதாரணம். 150 குதிரைத்திறன் காரை வாங்கிவிட்டு அதன் காலில் கல்லைக் கட்டுவானேன்? கடையில் தராசு வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஃப்ளோ ஃபார்மிங் முறையில், அதாவது ரிம்மைச் சுழற்றி அழுத்தி மெலிதாக்கி, எடை குறைவாகச் செய்த அலாய் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுக்கலாம்.

சரி, 17-தான் வேண்டும், 16 பார்க்க சின்னதாக இருக்கிறது என்கிறீர்களா? ஆசை நியாயமானதுதான். 17 இன்ச், 7 ஜே எடுங்கள். இ.டி. கம்பெனி எண்ணுக்கு 5 மி.மீ முன்பின்னாக இருக்கட்டும். டயரில் என் தேர்வு 205/50 ஆர்17. விட்டம் 637, பக்கச்சுவர் 102.5. அதாவது 10 மி.மீ ரப்பரை மட்டும் விட்டுக்கொடுக்கிறீர்கள். அது கிடைக்காவிட்டால் 225/45 ஆர்17. விட்டம் 634, பக்கச்சுவர் 101. நிறையக் கார்களுக்கு இந்த அளவு வருவதால் அவசரத்துக்கு மதுரையிலோ திருச்சியிலோ சீக்கிரம் கிடைக்கும். இதற்கு ரிம் 7 ஜே-க்குக் குறையக் கூடாது.

வோக்ஸ்வேகன் டைகுன், ஸ்கோடா குஷாக் கார்களில் வரும் 17 இன்ச் அலாய் பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். போல்ட் துளை உங்கள் வண்டிக்கும் அதே 5x100தான், அதாவது 100 மி.மீ விட்ட வட்டத்தில் ஐந்து துளை. ஆனால் அதில் வரும் 205/55 ஆர்17 டயரோடு சேர்த்து மாட்டிவிடாதீர்கள். விட்டம் 657, நான்கு சதவீதம் கூடுதல். அலாயை மட்டும் எடுத்து, அகலத்தையும் இ.டி.-யையும் படித்துப் பார்த்து, சரியான டயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அளவு எண்களுக்குப் பின்னால் வரும் சின்ன எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 91வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 240 கி.மீ வேகம் வரை ஈடுகொடுக்கும். இரண்டிலும் கம்பெனி டயருக்குக் கீழே இறங்கக் கூடாது. 205/50 ஆர்17-இல் சாதாரண வகை 89, அதாவது 580 கிலோதான். ஆகவே 93 எக்ஸ்எல் என்று, கூடுதல் பாரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், 650 கிலோ. 215/45 ஆர்17-ஐச் சிலர் சிபாரிசு செய்வார்கள்; அதில் சாதாரண வகை 87, வெறும் 545 கிலோ. ஐந்து பேர் ஏறும் வண்டிக்கு ஆகாது. எக்ஸ்எல் டயர் அந்தக் கூடுதல் பாரத்தைக் கூடுதல் காற்றில்தான் தாங்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை விட 2, 3 பி.எஸ்.ஐ கூட வையுங்கள். காற்று பார்ப்பது காலையில், வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போது. சித்திரை வெயிலில் திருச்சி போய் வந்த கையோடு பார்த்து, கூடியிருக்கிறது என்று இறக்கிவிடாதீர்கள். சூட்டில் அப்படித்தான் காட்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, வீலின் நடுத்துளை. அது உட்காரும் உங்கள் வண்டியின் ஹப் 57.1 மி.மீ, வெளி அலாய்களில் 73.1 போலப் பெரிதாக இருக்கும். இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் 80, 100-இல் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் பார்த்தாலும் போகாது. இரண்டாவது போல்ட்டின் உட்காரும் முகம், உயிர் சம்பந்தப்பட்டதும் இதுதான். வோக்ஸ்வேகனின் போல்ட் உருண்டை முகம். வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்பு முகம். கம்பெனி போல்ட்டையே அதில் மாட்டினால் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தொடும், இறுக்கினது தானே தளரும். அலாயோடு கூம்பு முக போல்ட்டும் சேர்த்து வாங்குங்கள். கையால் சுற்றும்போது குறைந்தது ஏழு முழுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். மூன்றாவது, ஏர் கன்னால் அடித்து முடித்துவிட்டு அனுப்ப விடாதீர்கள். டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். 50, 100 கி.மீ ஓடினதும் மறுபடி ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வீலை மட்டும் முன்னாலும் பின்னாலும் மாட்டிப் பாருங்கள். ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஷாக் அப்சார்பர் பக்கம் ஒரு சுண்டுவிரலாவது நுழைய வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. டயர் பாடிக்கு வெளியே நீட்டினால் நீங்களே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். எந்த அலாய் மாற்றினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரி ஸ்பீட்வேக்குத் தனி வீல் தேவையில்லை. 2.1 கி.மீ சுற்று அது, நீளமான நேர்ப்பாதை கிடையாது. முதலில் சூடாவது பிரேக்தான். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றி, பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நாலைந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து காற்றை அளந்தால் 5, 6 பி.எஸ்.ஐ ஏறியிருக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். டயரின் தோள்பக்க முக்கோணக் குறியைத் தாண்டித் தேய்மானம் போனால் ரொம்ப இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறினதும், இறக்கின காற்றைத் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள்.